குழந்தை பெறும் வயது தாண்டிவிட்டதா? தம்பதியர் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

கம்போங் மேடான்: தம்பி தங்கையைப் படிக்க வைத்து, வீட்டுக் கடனைக் கட்டி முடித்து, அதன் பிறகே தன் திருமணத்தைப் பற்றி யோசித்த பெண்கள் இங்குள்ள அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் இருக்கிறார்கள். தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்த பல குடும்பங்களில் இந்தச் சுமையைத் தாங்கியவர் மூத்த மகள்தான்.

இப்படி 38, 40 வயதில் திருமணம் செய்தவருக்கு ஓராண்டுக்குள் இரண்டு விதமான பேச்சு கேட்கும். ‘இன்னும் விசேஷம் இல்லையா?’ என்பது ஒன்று. ‘இந்த வயசுல இது தேவையா?’ என்பது இன்னொன்று. இரண்டு பேச்சாலும் அந்தத் தம்பதிக்கு எந்தப் பயனும் இல்லை.

வயது தாண்டிவிட்டதா என்பது உண்மையில் ஒரு கேள்வி அல்ல, மூன்று கேள்விகள். கரு தரிக்குமா? தாயின் உடல் அதைப் பாதுகாப்பாகச் சுமக்குமா? பிள்ளையை ஆளாக்கும் வரை பெற்றோருக்குத் தெம்பும் வசதியும் இருக்குமா? இவற்றைத் தனித்தனியாகப் பார்த்தால்தான் முடிவெடுக்க முடியும்.

கரு தரிக்குமா?

ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் உடலில் 10 லட்சம் முதல் 20 லட்சம் வரை கருமுட்டைகள் இருக்கும். பிறகு புதிதாக உருவாவதில்லை, குறைந்துகொண்டே போகும். ஏறக்குறைய 32 வயதிலிருந்து கருத்தரிக்கும் வாய்ப்பு மெதுவாகவும், 37க்குப் பிறகு வேகமாகவும் குறைகிறது. முட்டையின் தரமும் குறைவதால் 40 வயதுக்கு மேல் கருச்சிதைவு அதிகம். மாதவிலக்கு ஒழுங்காக வருவதை மட்டும் வைத்து வாய்ப்பு பழையபடி இருக்கிறது என்று எண்ணக்கூடாது.

எப்போது மருத்துவரைப் பார்ப்பது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 35 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் ஓராண்டு முயன்று பார்க்கலாம். 35 தாண்டியவர்கள் 6 மாதத்துக்கு மேல் காத்திருக்கக்கூடாது. 40 தாண்டியவர்கள் முயற்சியைத் தொடங்கும்போதே போய்விடுவது நல்லது. கோயிலில் வேண்டிக்கொள்வதற்கும் சோதனைக்குப் போவதற்கும் முரண்பாடு இல்லை. வேண்டுதல் முடியட்டும் என்று ஓராண்டைத் தள்ளிப்போடுவதுதான் நஷ்டம்.

கணவரும் கூடவே போக வேண்டும். குழந்தையின்மையில் ஏறக்குறைய பாதிக்குப் பாதி ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. விந்துப் பரிசோதனை எளிமையானது, வலியும் இல்லை. ஆனாலும் மனைவியை நான்கு மருத்துவரிடம் அனுப்பிவிட்டு, தான் ஒரு தடவைகூடச் சோதித்துக்கொள்ளாத கணவர்கள் இன்னும் உண்டு.

சோதனைக் குழாய் முறை இருக்கிறதே என்று நினைப்பவர்கள் ஒன்றை அறிய வேண்டும். 1990இல் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜ் இம்முறையில் குழந்தை பிறக்க வைத்தபோது அது அதிசயமாகப் பேசப்பட்டது. இன்று அது வழக்கமான சிகிச்சை. ஆனால் முட்டையின் வயதை அதனால் குறைக்க முடியாது. 45 வயதில் சொந்த முட்டையில் வெற்றி கிடைப்பது அபூர்வம். 50க்கு மேல் குழந்தை பெற்றதாகச் செய்தியில் வருபவர்களில் பெரும்பாலோருக்கு வேறொரு பெண்ணின் முட்டைதான் பயன்பட்டிருக்கும்.

உடல் தாங்குமா?

டவுன் சிண்ட்ரோம் பாதிப்பு 30 வயதுத் தாய்க்கு ஏறக்குறைய 1,000 பிரசவத்தில் ஒன்று. 40 வயதில் அது 100இல் ஒன்றாகிறது. கூடுதல்தான். ஆனால் அந்த வயதிலும் 100இல் 99 குழந்தைகளுக்கு அந்தப் பாதிப்பு இல்லை என்பதும் அதே கணக்குதான்.

நம் சமூகத்துக்கு அதைவிட முக்கியமானது இனிப்பு நீர். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. அப்போது நாட்டின் சராசரி 18.3 விழுக்காடு. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாமல் கரு தரித்தால் குழந்தைக்கு இதயக் கோளாறு, முதுகுத்தண்டுக் கோளாறு வரும் அபாயம் கூடுகிறது. இந்த உறுப்புகள் உருவாவது முதல் சில வாரங்களில். அதனால் கரு தரிப்பதற்கு முன்பே சர்க்கரையைச் சரிசெய்ய வேண்டும்.

அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் கருத்தரிப்புக்கு முந்தைய பரிசோதனைச் சேவை உண்டு. ‘பிள்ளை பெற நினைக்கிறோம்’ என்று சொல்லிக் கேட்க வேண்டும். ரத்தக் கொதிப்புக்குப் பெரிண்டோப்ரில் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். அது கருவுக்கு ஆகாது, வேறு மாத்திரை மாற்றித் தருவார்கள். தானாக நிறுத்தக்கூடாது. ஃபோலிக் அமிலம் எப்போது, எவ்வளவு என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.

வளர்க்க முடியுமா?

2019 செப்டம்பரில் ஆந்திராவின் குண்டூரில் மங்கயம்மா என்ற, 70 வயதைக் கடந்த பெண்மணிக்கு இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. தானமாகப் பெற்ற முட்டையில் உருவான கரு அது. பல்லாண்டு காலம் பிள்ளை இல்லாதவள் என்ற பேச்சைக் கேட்டவர் அவர். பிரசவம் நடந்து ஒரு நாளில், 80 வயதை எட்டிய கணவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சுமக்க முடிந்தால் மட்டும் போதுமா என்ற விவாதம் இந்தியா முழுவதும் எழுந்தது. 2021இல் அங்கு வந்த சட்டம், இச்சிகிச்சைக்குப் பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 என வயது வரம்பு வைத்தது.

இங்கே கணக்கு இப்படி. 43 வயதில் பெற்றால், பிள்ளை எஸ்பிஎம் எழுதும்போது தாய்க்கு 60 வயது. தனியார் துறையில் ஓய்வு பெறும் வயதும் அதுதான். கணவர் மூத்தவர் என்றால் அவர் ஏற்கெனவே ஓய்வில் இருப்பார்.

பணத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தனியார் மையத்தில் சோதனைக் குழாய் சிகிச்சை ஒரு சுற்றுக்கே பத்தாயிரம் ரிங்கிட்டைத் தாண்டும், ஒரே சுற்றில் பலிக்கும் என்ற உறுதியும் இல்லை. 2020 முதல் இபிஎஃப் சேமிப்பிலிருந்து இதற்குப் பணம் எடுக்கலாம், வருமான வரிச் சலுகையும் உண்டு. ஆனால் அந்த இபிஎஃப் பணம்தான் பிள்ளை படிக்கும் காலத்தில் பெற்றோருக்குச் சோறு போட வேண்டிய பணம். எத்தனை சுற்று வரை போவது என்று முதலிலேயே இருவரும் பேசி முடிவு செய்துகொள்வது நல்லது. எல்பிபிகேஎன் எனப்படும் குடும்ப மேம்பாட்டு வாரியத்தையும், கோலாலம்பூர் துங்கு அசிசா மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளையும் முதலில் விசாரிக்கலாம். எந்த மையமானாலும், ‘என் வயதுப் பெண்களில் சொந்த முட்டையில் எத்தனை பேருக்குக் குழந்தை உயிரோடு பிறந்தது?’ என்று கேளுங்கள். ‘எத்தனை பேருக்குக் கரு தரித்தது’ என்ற பதிலோடு திருப்தி அடையாதீர்கள்.

இவற்றைப் பார்த்துவிட்டு 41 வயதில் ‘முயன்று பார்ப்போம்’ என்பதும் சரி, 37 வயதில் ‘வேண்டாம்’ என்பதும் சரி. முறையாகப் பதிவு செய்து தத்தெடுப்பதும் நல்ல வழிதான். எந்த முடிவும் எடுக்காமல் ஆண்டுகளை ஓடவிடுவதுதான் தவறு. இந்த மாதமே இருவரும் சேர்ந்து ஒரு தடவை கிளினிக்குக்குப் போய் வாருங்கள்.