கிளட்ச் போச்சுன்னு 720 பவுண்ட் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு 15 நிமிஷம் செலவு பண்ணுங்க



இங்கிலாந்தில் வேலை பார்க்கும் நம்ம சேனல் நேயர் ஒருத்தர் போன மாசம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். அவர்கிட்ட இருப்பது 2001 மாடல் மஸ்டா எம்எக்ஸ்-5. செகண்ட் ஹேண்டில் 2,500 பவுண்டுக்கு வாங்கிய கார். ஒருநாள் கிளட்ச் பெடல் அப்படியே தரையோட போயிடுச்சு, கியர் விழல. கராஜுக்குப் போன் போட்டா, "கிளட்ச் செட் மாத்தணும், வாட் வரியோட சேர்த்து 720 பவுண்ட் ஆகும்"னு சொல்லிட்டாங்க. "சார், இந்தப் பணத்தைப் போடலாமா, இல்ல காரையே வித்துடலாமா?" இதுதான் அவர் கேள்வி.

720 பவுண்ட் என்பது அந்தக் காரின் விலையில் கிட்டத்தட்ட 29 சதவீதம். யோசிக்க வேண்டிய தொகைதான். ஆனா போடலாமா, விக்கலாமா என்பதற்கு முன்னாடி இன்னொரு கேள்வி இருக்கு. கெட்டுப்போனது கிளட்ச்தானா? ஆடிட்ல நாங்க வவுச்சர் பார்க்காம ஒரு செலவை ஒத்துக்க மாட்டோம். ரிப்பேர் பில்லுக்கும் அதே விதிதான்.

இது என்ன கார்?

நம்ம ஊர்ல மஸ்டான்னா பலருக்கும் ஞாபகம் வருவது சுவராஜ் மஸ்டா வேன்தான். எம்எக்ஸ்-5 வேற ரகம். ரெண்டே சீட், திறந்து மூடும் கூரை, பின்சக்கரங்கள் தள்ளும் சின்ன ஸ்போர்ட்ஸ் கார். 1989-ல் சிகாகோ ஆட்டோ ஷோவில் அறிமுகமாகி, 2016 ஏப்ரலில் உற்பத்தி 10 லட்சத்தைத் தாண்டியது. இத்தனை கார் ஓடுவதால் ஸ்பேர் பார்ட்ஸ் சுலபமா கிடைக்கும். பழைய மாடல்களை வீட்டிலேயே ரிப்பேர் பார்க்கிறவங்க பிரிட்டனில் நிறைய பேர் இருக்காங்க. இந்தக் கட்டுரையில் சொல்வது 2005 வரை வந்த முதல் ரெண்டு தலைமுறை கார்களுக்கு.

ஒரே "கிளட்ச் போச்சு", ரெண்டு விதமான பில்

இந்தக் காரில் பெடலுக்கும் கிளட்சுக்கும் நடுவில் கேபிள் கிடையாது, பிரேக் ஆயில்தான். பெடலை மிதிச்சா மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும். அந்த அழுத்தம் பைப் வழியா கியர்பாக்ஸ் பக்கத்தில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டருக்குப் போகும். அதோட ராடு வெளியே வந்து ஒரு போர்க்கைத் தள்ளும். அப்போதான் கிளட்ச் பிளேட் இன்ஜினை விட்டு விலகும். டாக்டர் ஊசி போடும் சிரிஞ்ச் ரெண்டை ஒரு டியூபில் இணைச்ச மாதிரி நினைச்சுக்கோங்க. ஒரு பக்கம் அழுத்தினா மறுபக்கம் நகரும்.

இதில் ரெண்டு விதமான கோளாறு வரும். அறிகுறிகளும் நேர் எதிர்.

ஒன்று, பிளேட் தேய்வது. அப்போ கியர் நல்லாவே விழும். ஆனா ஆக்சிலேட்டரை மிதிச்சா இன்ஜின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. மேட்டில் ஏறும்போதும், நாலாவது கியரில் அழுத்தி மிதிக்கும்போதும் நல்லா தெரியும். இதைச் சரி பண்ண கியர்பாக்ஸை இறக்கணும். அந்த 720 பவுண்ட் இதுக்கானது.

ரெண்டு, ஹைட்ராலிக் பக்கம் லீக் ஆவது. சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் சீல் வயசாகி ஆயில் கசியும், காத்து புகுந்துவிடும். ஆயில் சுருங்காது, காத்து சுருங்கும். அதனால் பெடல் தொளதொளன்னு தரைக்குப் போகும், பிளேட் முழுசா விலகாது, ஃபர்ஸ்ட் கியரும் ரிவர்ஸும் முரண்டு பிடிக்கும். பெடலை நாலஞ்சு தடவை வேகமா பம்ப் பண்ணினா கொஞ்ச நேரம் சரியாகும். இந்தக் காரில் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு வெளியே, ரெண்டு போல்ட்டில் நிக்குது. கியர்பாக்ஸைத் தொடவே வேண்டாம்.

பைசா செலவில்லாத 15 நிமிஷம்

பானெட்டைத் திறங்க. டிரைவர் பக்கம், பின்சுவரில் கிளட்சுக்குன்னு தனியா ஒரு சின்ன ஆயில் டப்பா இருக்கும். அளவு குறைஞ்சிருக்கா? ஆயில் டிகாஷன் மாதிரி கறுத்திருக்கா? ரெண்டுமே ஹைட்ராலிக் கோளாறுக்கான அடையாளம்.

அடுத்தது, கார் உள்ளே கிளட்ச் பெடலுக்கு மேலே டார்ச் அடிச்சுப் பாருங்க. அங்கே ஈரம் இருந்தா மாஸ்டர் சிலிண்டர் கசியுது. கடைசியா, காரைச் சரியான ஸ்டாண்டில் நிறுத்தின பிறகு, ஸ்லேவ் சிலிண்டர் முனையில் இருக்கும் ரப்பர் உறையை லேசா விலக்குங்க. ஆயில் வழிஞ்சா குற்றவாளி அகப்பட்டான்.

நம்ம நேயரை இதையெல்லாம் பார்க்கச் சொன்னேன். டப்பாவில் அடியில் கொஞ்சம் கறுப்பு ஆயில்தான் இருந்தது. ஸ்லேவ் உறைக்குள் ஈரம். கிளட்ச் பிளேட் வழுக்கிய அறிகுறி அதுக்கு முன்னாடி ஒருநாளும் கிடையாது. கராஜ்காரர் ஏமாத்தினார்னு நான் சொல்ல மாட்டேன். காரைப் பார்க்காம போனில் சொன்ன எஸ்டிமேட் அது. ஸ்லேவ் சிலிண்டர் மட்டும் மாத்த எவ்வளவுன்னு கேட்டதும் அதே இடத்தில் 180 பவுண்டுன்னு சொன்னாங்க.

இப்போ கணக்கு

720-க்கும் 180-க்கும் வித்தியாசம் 540 பவுண்ட். ஸ்பேனரைக் கையில் எடுக்காமலேயே, சரியான கேள்வி கேட்டதால் மிச்சமான பணம் இது. இந்த 540 பவுண்ட் வரி கட்டின பிறகு மிஞ்சும் பணம் என்பதைக் கவனிங்க. இங்கிலாந்தில் 2025-26-ல் அடிப்படை வரி விகிதத்தில் இருக்கும் சம்பளக்காரருக்கு 20 சதவீதம் வருமான வரி, 8 சதவீதம் நேஷனல் இன்சூரன்ஸ். கூடுதலா சம்பாதிக்கும் 100 பவுண்டில் கைக்கு வருவது 72. அப்படின்னா 540 பவுண்ட் கையில் நிக்க 750 பவுண்ட் சம்பாதிக்கணும்.

சரி, அந்த 180-ஐயும் மிச்சம் பிடிச்சு வீட்டிலேயே செஞ்சா? அவர் போட்ட செலவு இது. ஸ்லேவ் சிலிண்டர் 30, பிரேக் ஆயில் 8, டியூப், கிளீனர் 6, மொத்தம் 44 பவுண்ட். கையில் டூல்ஸ் இல்லாததால் ஒரு ஜோடி ஸ்டாண்டுக்கு 30, பைப் நட் கழற்றும் ஸ்பேனருக்கு 12. ஆக 86 பவுண்ட். மிச்சம் 94. வேலை முடிய நாலு மணி நேரம். மணிக்கு 23 பவுண்ட் 50 பென்ஸ், அதுவும் வரி இல்லாம. சம்பளக் கணக்கில் மணிக்கு 32 பவுண்டுக்கு மேல. ஞாயித்துக்கிழமை சும்மா இருக்கும் ஆளுக்கு நல்ல கூலி. அந்த நேரத்தில் ஓவர்டைமில் அதுக்கு மேல சம்பாதிக்கிறவருக்கு கராஜ்தான் லாபம். எதுவானாலும் பெரிய லாபம் கோளாறைச் சரியா கண்டுபிடிச்சதில்தான். கூலி மிச்சம் அதுக்கு மேல கிடைக்கிற போனஸ்.

வேலையை எப்படிச் செய்யணும்?

1. சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்கு கட்டை வைங்க. தூக்க மட்டும்தான் ஜாக்கி. தாங்க ஸ்டாண்டு. ஜாக்கியை நம்பி காருக்கு அடியில் தலையை விடாதீங்க. இதில் பேரமே கிடையாது.

2. பிரிட்டனில் குளிர்காலத்தில் ரோட்டில் உப்பு போடுவதால் பைப் நட் துருப்பிடிச்சு இறுகியிருக்கும். முந்தின நாளே துரு இளக்கும் ஆயில் அடிச்சு ஊற விடுங்க. சாதாரண ஸ்பேனர் போட்டா நட்டின் முனை மழுங்கும். நட்டைச் சுத்திப் பிடிக்கும் பைப் ஸ்பேனர்தான் சரி. 12 பவுண்டை இங்கே மிச்சம் பிடிச்சா ஒரு புது பைப்புக்குச் செலவு வைக்கும்.

3. பைப்பைக் கழற்றி, ரெண்டு போல்ட்டையும் எடுத்தா சிலிண்டர் கையில் வந்துடும். அடியில் ஒரு தட்டு வைங்க. அது வெளியே இருக்கும்போது யாரும் பெடலை மிதிக்கக் கூடாது.

4. புதுசை மாட்டும்போது முதலில் பைப் நட்டை விரலால் நாலு சுத்து ஏத்துங்க. அப்புறம் போல்ட் போட்டு இறுக்குங்க. தலைகீழா செஞ்சா நட் கோணலா ஏறி மரை போயிடும்.

5. கடைசியா காத்து எடுக்கணும். இதுக்கு இன்னொரு ஆள் வேணும். ஸ்லேவில் இருக்கும் சின்ன நிப்பிளில் டியூபை மாட்டி, மறுமுனையை கொஞ்சம் ஆயில் இருக்கும் பாட்டிலில் முக்குங்க. உள்ளே இருப்பவர் பெடலை மிதிச்சுப் பிடிக்கணும், நீங்க நிப்பிளைத் திறக்கணும், ஆயில் வந்ததும் மூடணும், அதுக்கப்புறம்தான் அவர் காலை எடுக்கணும். "மிதி", "விடு"ன்னு சத்தமா சொல்லிச் செய்ங்க. குமிழி வருவது நிக்கும் வரை தொடரணும். நடுநடுவே மேல் டப்பாவில் ஆயில் ஊத்திக்கிட்டே இருங்க. அது காலியானா திரும்பவும் முதலில் இருந்து ஆரம்பிக்கணும்.

ஆயில் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. டாட் 3 அல்லது டாட் 4 போதும். டாட் 5 என்பது சிலிக்கோன், அதை இதோட கலக்கக் கூடாது. பிரேக் ஆயில் காத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் இல்லாத டாட் 4-இன் கொதிநிலை குறைந்தபட்சம் 230 டிகிரி செல்சியஸ் இருக்கணும் என்பது விதி, ஈரம் ஏறினதுக்கு அதே அளவுகோல் 155. அதனால் ரெண்டு வருஷம் முன்னாடி திறந்து வச்ச பாட்டிலை ஊத்தாதீங்க. பெயின்ட்டில் பட்டா பெயின்ட் போயிடும், உடனே தண்ணி ஊத்திக் கழுவுங்க. பழைய ஆயிலை சாக்கடையில் கொட்டாம, கவுன்சில் ரீசைக்கிளிங் சென்டரில் விசாரிச்சுக் கொடுங்க.

எப்போ நீங்க கை வைக்கக் கூடாது?

பல புது கார்களில் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு உள்ளேயே இருக்கும். அதை மாத்த கியர்பாக்ஸை இறக்கியே ஆகணும். அது வீட்டு வாசலில் செய்யும் வேலை இல்லை. அப்படி இறக்கும்போது கிளட்ச் செட்டையும் சேர்த்து மாத்துவது புத்திசாலித்தனம், ஏன்னா கூலி ஒரே தடவைதான். கிளட்சும் பிரேக்கும் ஒரே ஆயில் டப்பாவைப் பகிரும் காராக இருந்தாலும், அனுபவம் இல்லாதவங்க விட்டுடுங்க. அங்கே தப்பு நடந்தா பிரேக்கையே பாதிக்கும்.

எங்கேயும் லீக் இல்லை, ஆனாலும் கியர் விழலையா? மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள்ளேயே விடுதா, போர்க் வளைஞ்சிருக்கா, ரொம்ப நாள் ஈரத்தில் நின்னதால் பிளேட் துருப்பிடிச்சு ஒட்டியிருக்கா, இப்படிப் பல காரணம் இருக்கலாம். அங்கே மெக்கானிக்குக் காசு கொடுத்து கண்டுபிடிக்கச் சொல்வதே லாபம்.

மாஸ்டருக்கும் ஸ்லேவுக்கும் ஒரே வயசு. ஒன்னு போனா இன்னொன்னு பின்னாலேயே போக வாய்ப்பு அதிகம். மிச்சமான பணத்தில் மாஸ்டர் சிலிண்டருக்கான தொகையை இப்பவே தனியா எடுத்து வச்சிடுங்க. நிறுவனங்கள் பண்ணும் புரொவிஷன் மாதிரிதான் இதுவும்.

பழைய கார் வாங்கப் போறவங்களுக்கு

பிரிட்டனில் வருடாந்திர எம்ஓடி சோதனையில் இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் நிலையைப் பார்ப்பதில்லை. "எம்ஓடி புதுசு சார்" என்பது கிளட்சுக்கு உத்தரவாதம் ஆகாது. டப்பாவைத் திறந்து ஆயில் நிறத்தைப் பாருங்க. பெடலை ஒரு நிமிஷம் மிதிச்சுப் பிடிச்சு, கியர் போட்டே வச்சிருங்க. கார் மெதுவா நகர ஆரம்பிச்சா பேரம் பேச உங்களுக்கு ஒரு காரணம் கிடைச்சிடுச்சு.

தமிழ்நாட்டில் கார் வச்சிருக்கிறவங்களுக்கும் இதே வழிமுறைதான். முதலில் உங்க காரில் இருப்பது கேபிளா, ஆயிலான்னு தெரிஞ்சுக்கோங்க. ஆயில்னா, ஸ்லேவ் வெளியேவா, உள்ளேயான்னு கேளுங்க. ஒர்க்‌ஷாப்பில் "கிளட்ச் ஓவர்ஹால்"னு சொன்னா, "பிளேட் வழுக்குதா, இல்ல ஆயில் லீக்கா? காட்டுங்க"ன்னு கேளுங்க. நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விக்குக் கோவிச்சுக்க மாட்டார், காரைத் தூக்கி இடத்தைக் காட்டிடுவார். காட்டாதவர்கிட்ட சாவியை வாங்கிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்க.