போனை மாற்றலாமா, வேண்டாமா?

"அம்மா, இந்தத் தீபாவளிக்கு உனக்குப் புடவை கிடையாது. ஐபோன்தான்!" என்று பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் சொன்னபோது எனக்குச் சந்தோஷம் பாதி, கவலை பாதி.

காரணம் உண்டு. என் பழைய ஆண்ட்ராய்டு போனில் என் அப்பாவின் குரல் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த அப்பா, வெள்ளிக்கிழமை தோறும் ஆண்டாள் கோயிலுக்குப் போய் வந்ததும், ராஜபாளையத்தில் இருக்கும் எனக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவார். "பால்கோவா வாங்கி வச்சிருக்கேன்மா. மாப்பிள்ளை இந்தப் பக்கம் வந்தா கொடுத்து விடுறேன்." இவ்வளவுதான் விஷயம். அவர் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. இன்றும் மனசு சரியில்லாத நாளில் அதைப் போட்டுக் கேட்பேன். புதுப் போனுக்கு அந்தக் குரல் வருமா?

என் மதினிக்கு நடந்தது என்னைப் பயமுறுத்தியது. போன வருஷம் அவர் ஐபோனுக்கு மாறினார். ஆசை அவசரத்தில் அன்றைக்கே உபயோகிக்க ஆரம்பித்து, பழைய போனை அழித்துக் கொடுத்தும் விட்டார். பேரன் முதன்முதலில் "ஆச்சி" என்று சொன்ன பதிவு போயே போய்விட்டது! "கூகிள்ல பத்திரமா இருக்குன்னு நினைச்சேன்மா" என்று இன்னும் புலம்புகிறார்.

ஆகவே மகனிடம், "பொறு தம்பி, விசாரிச்சுட்டுச் சொல்றேன்" என்றேன். நான் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன், சகோதரிகளே!

அடுப்பா, வீடா?

ஐபோன் ஆப்பிள் கம்பெனியுடையது, 2007-ல் வந்தது. ஆண்ட்ராய்டு கூகிளுடையது, முதல் போன் 2008-ல் வந்தது. பல கம்பெனிகள் அதை வைத்துப் போன் செய்வதால் எல்லா விலையிலும் கிடைக்கிறது. நம் நாட்டில் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் ஆண்ட்ராய்டுதான்.

ஆண்ட்ராய்டிலிருந்து இன்னொரு ஆண்ட்ராய்டுக்குப் போவது அடுப்பை மாற்றுவது மாதிரி. ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குப் போவதோ வீடு மாறுவது மாதிரி. சாமான் எல்லாம் வண்டியில் ஏறியதா என்று நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாட்ஸ்அப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டில் அது கூகிள் கணக்கில் சேமிக்கிறது. ஐபோன் அதை எடுத்துக்கொள்ளாது. அதற்குத் தனியாக ஐகிளவுட் இருக்கிறது. 2022-லிருந்து 'மூவ் டு ஐஓஎஸ்' என்ற செயலி மூலம் பேச்சு, படம், குரல் எல்லாவற்றையும் நேராகக் கொண்டுபோகலாம். ஆனால் ஐபோனைப் புதிதாகத் திறந்து அமைக்கும் அந்த முதல் வேளையிலேயே செய்துவிட வேண்டும். இரண்டு போனும் பக்கத்தில் இருக்க வேண்டும். மதினி தவறவிட்டது இதைத்தான்.

நோட்டில் போட்ட கணக்கு

மளிகைக் கணக்கு நோட்டில் நடுவே கோடு போட்டு எழுதினேன்.

இலவசமாகச் சேமிக்க கூகிள் 15 ஜிபி தருகிறது. ஐகிளவுட் 5 ஜிபிதான். ஐபோனில் மெமரி கார்டு போட இடம் கிடையாது. பழைய சார்ஜர் ஒயர் 2023-ல் வந்த ஐபோன் 15-க்கு முந்தியவற்றில் சேராது. காசு கொடுத்து வாங்கிய செயலிகளைப் பெரும்பாலும் திரும்ப வாங்க வேண்டும். தமிழில் தட்டச்சு செய்ய இரண்டிலும் வசதி உண்டு.

ஐபோன் பக்கமும் நியாயம் இருக்கிறது. பாதுகாப்புக்கான புதுப்பிப்பு பொதுவாக ஐந்து வருஷத்துக்கு மேல் வருகிறது. பழசாக விற்றாலும் நல்ல விலை போகும். ஆண்ட்ராய்டில் இது மாடலுக்கு மாடல் வேறுபடும். விலை கூடிய சில மாடல்களுக்கு ஏழு வருஷம் தருவதாக 2023-ல் கூகிளும் 2024-ல் சாம்சங்கும் அறிவித்தன. வாங்கும் முன்பே "எத்தனை வருஷத்துக்கு?" என்று கேட்டுவிட வேண்டும்.

செட்டிங்ஸில் பார்த்தேன். என் போனுக்குப் புதுப்பிப்பு வந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது! பால்காரர் முதல் சீட்டுப் பணம் வரை அதிலேதான் அனுப்புகிறேன். ஆகவே போனை மாற்றியே தீர வேண்டும். எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி.

அம்மா சொன்ன பதில்

ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனபோது அம்மாவிடம் சொன்னேன்.

"அது வெளிநாட்டுப் போனாச்சே?"

"இல்லம்மா, நம்ம ஸ்ரீபெரும்புதூர்லயே செய்றாங்க. இந்த ஆண்ட்ராய்டையும் மதுரைல பிறந்த சுந்தர் பிச்சைதான் 2013-லேருந்து பார்த்துக்கிட்டாரு."

"அடடே, ஸ்ரீபெரும்புதூரா! நம்ம ஆண்டாள் 'அண்ணா'ன்னு கூப்பிட்ட உடையவர் ஊராச்சே!" என்று சிரித்தார். பிறகு மெதுவாக, "நீ அதுக்கு மாறிட்டா, எனக்கு யாரு சொல்லித் தருவா?" என்றார்.

சுருக்கென்றது. அம்மாவிடம் இருப்பதும் என்னுடையதைப் போன்ற போன்தான். வாரத்துக்கு நாலு தடவை கூப்பிடுவார். "கீழே நடுவுல வட்டம் இருக்குல்ல, அதை அமுக்குங்க" என்று என் போனைப் பார்த்துக்கொண்டே சொல்வேன். ஐபோனில் அந்த வட்டம் கிடையாது. தனியாக இருக்கும் அம்மாவுக்கு நான் சொல்லும் அந்த வழிதான் துணை.

முடிவு செய்துவிட்டேன். மகன் சொன்ன விலையில் மூன்றில் ஒரு பங்கில், பல வருஷம் புதுப்பிப்பு வரும் ஆண்ட்ராய்டு போன் ஒன்று. "சரிம்மா, மிச்சத்துல புடவையும் உண்டு" என்றான் மகன்!

உங்கள் வீட்டில் முடிவு வேறாக இருக்கலாம். பிள்ளைகள் எல்லாரும் ஐபோன் வைத்திருந்து, உங்களுக்குச் சொல்லித் தருவது அவர்கள்தான் என்றால் தாராளமாக மாறுங்கள். போனின் பெருமையைப் பார்க்காமல், நாம் யாருக்கு உதவுகிறோம், நமக்கு யார் உதவுகிறார்கள் என்று பாருங்கள்.

ஒன்றை மட்டும் இன்றே செய்யுங்கள். நெருங்கியவரின் குரலோ படமோ இருந்தால், வாட்ஸ்அப்பில் அந்த உரையாடலைத் திறந்து, 'எக்ஸ்போர்ட் சாட்' மூலம் படம், குரலோடு சேர்த்து மெயிலுக்கு அனுப்புங்கள். நிறைய இருந்தால் எல்லாம் ஒரே தடவையில் வராது. முக்கியமானதைத் தனித்தனியாகவும் அனுப்பிவிடுங்கள். பென் டிரைவில் ஒரு பிரதி இருக்கட்டும். போட்டுக் கேட்டுச் சரிபார்த்த பிறகுதான் பழைய போனை அழிக்க வேண்டும். எந்தக் கம்பெனி போனானாலும் கீழே விழுந்தால் உடையத்தான் செய்யும்.

அப்பாவின் குரல் இப்போது மூன்று இடத்தில் பத்திரமாக இருக்கிறது. அம்மாவின் போனுக்கும் அனுப்பிவிட்டேன். போன வெள்ளிக்கிழமை அம்மா கூப்பிட்டு, "உங்கப்பா பால்கோவா வாங்கி வச்சிருக்காராம்டி" என்றார். சிரித்தோமா, அழுதோமா, எங்களுக்கே தெரியவில்லை.