ஃபில்டரும் துணிப்பையும்

தேக்காவில் ஒரு பாத்திரக் கடையில் ஃபில்டர் வாங்கி வந்த அன்று, இனி நம் விடுதியில் அசல் தமிழ்க் காப்பி கிடைக்கும் என்று நண்பர்களிடம் பெருமையடித்துக்கொண்டேன். தூள் ஏற்கெனவே இருந்தது. மலேசியாவிலிருந்து வரும்போது அம்மா கட்டிக் கொடுத்தது. மூன்று கரண்டி போட்டு, கொதிநீர் ஊற்றி மூடினேன். இறங்க அரை மணி நேரமாவது ஆகும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். சில நிமிடங்களிலேயே தண்ணீர் முழுவதும் கீழே இறங்கிவிட்டது. பால் சேர்த்ததும் கழுநீர் நிறம். "இதுதான் அசலா?" என்றான் நண்பன்.

அம்மாவுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். "அந்தத் தூளையா போட்டே? அது பையில ஊத்துற தூளுப்பா!" என்று சிரித்தார்.

விஷயம் அவ்வளவுதான். காப்பிக்கு எந்தக் கருவி நல்லது என்று கேட்பதைவிட, கையிலுள்ள தூள் எந்தக் கருவிக்காக அரைக்கப்பட்டது என்று கேட்பதே சரி.

தமிழ்நாட்டு ஃபில்டர் தூளில் பெரும்பாலும் சிக்கரி கலந்திருக்கும். பொட்டலத்தில் 80:20, 70:30 என்று விகிதம் போட்டிருப்பார்கள். சிக்கரி என்பது வறுத்து அரைத்த ஒரு செடியின் வேர். அதில் காஃபீன் கிடையாது. நிறத்தையும் அடர்த்தியையும் தருவதோடு, ஈரத்தில் ஊறி நீரின் ஓட்டத்தையும் தடுக்கிறது. தூளும் சற்று நைசாக இருப்பதால் நீர் சொட்டுச் சொட்டாக இறங்கிச் சாரத்தை முழுதாக எடுத்துவருகிறது. தூளைச் சமமாகப் பரப்பி, குடையால் மெதுவாக அமுக்கி, கொதி அடங்கிய நீரை முதலில் கொஞ்சம் ஊற்றித் தூளை நனைத்து, பிறகு மீதியை ஊற்ற வேண்டும். பலமாக அமுக்கினால் சொட்டுகூட இறங்காது. (இதையும் அனுபவித்துவிட்டேன்.) டிகாஷனைக் கொதிக்க வைக்கக் கூடாது, பாலைத்தான் காய்ச்ச வேண்டும்.

அம்மா தந்தது வேறு ரகம். நம் கோப்பிக் கடைகளில் ஊற்றுவதும் அதே வகைதான். வறுபடும் கொட்டையில் கடைசியில் சீனியும் மார்ஜரினும் சேர்ப்பார்கள். சீனி கருகி, கொட்டைமேல் கறுப்பாகப் படியும். சிங்கப்பூரில் இதற்குப் பெரும்பாலும் ரொபஸ்டா கொட்டைதான். அரபிக்காவைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு காஃபீன் உள்ளது. கொரகொரப்பாக அரைப்பதால் ஃபில்டரில் நிற்காமல் ஓடிவிடுகிறது. இதற்கு ஏற்றது கைப்பிடி வளையத்தில் தைத்த துணிப்பை. ஒரு குவளைக்கு இரண்டு மேசைக்கரண்டித் தூளைப் பையில் போட்டு, நீள மூக்குள்ள குவளைக்குள் இறக்கி, நன்றாகக் கொதிக்கும் நீரை ஊற்றிக் கலக்கி, நான்கைந்து நிமிடம் விடுங்கள். பையைத் தூக்கி, வடிந்ததை மறுபடி ஒருமுறை அதன் வழியாகவே ஊற்றினால் கெட்டியாகும். கெட்டிப்பால் சேர்த்தால் கோப்பி, சீனி மட்டும் என்றால் கோப்பி ஓ, ஆவிப்பாலும் சீனியும் என்றால் கோப்பி சி. 'கோசோங்' என்றால் சீனி இல்லை. டின் பாலுக்குக் குளிர்பெட்டி வேண்டாம் என்பதால் அன்றைய கடைகளுக்கு அது வசதியாக இருந்தது, இன்று விடுதி மாணவர்களுக்கும்தான்.

பிரெஞ்சு பிரஸ் உள்ளவர்கள் இதே தூளை அதில் போடலாம். அடியில் கொஞ்சம் வண்டல் நிற்கும். மோக்கா பாட்டுக்கு அடுப்பு வேண்டும், ஆகவே எனக்குப் பயனில்லை.

என்னை உறுத்தியது வேறொன்று. பாட்டியின் வீட்டில் துணியில் வடித்த காப்பியைக் குடித்து வளர்ந்த நான், ஃபில்டர் காப்பிதான் அசல் தமிழ்க் காப்பி என்று எப்படி நம்பினேன்? ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூல் 2000இல் வந்தது. காலனிய காலத்தில் வந்த ஒரு புதுப் பானம் எப்படித் தமிழ் நடுத்தர வகுப்பின் அடையாளமானது என்று அதில் காட்டுகிறார். அதாவது ஃபில்டர் காப்பியும் ஆதிகாலத்துச் சொத்தல்ல. மலாயாவிலோ ரப்பருக்கு முன்பே காப்பித் தோட்டங்கள் இருந்தன, அவற்றில் தமிழர்கள் உழைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் பிரேசில் விளைச்சல் பெருகி விலை விழுந்த பிறகே அந்த நிலங்களில் ரப்பர் பரவியது. ஜொகூரில் இன்றும் லைபெரிக்கா காப்பி விளைகிறது. பாட்டியின் துணிப்பை சீனர் கடையிலிருந்து வந்திருக்கலாம். அதற்காக அந்தக் காப்பி எங்களுடையது இல்லாமல் போய்விடுமா?

ஃபில்டரை நான் தூக்கிப் போடவில்லை. முஸ்தபாவில் 70:30 தூள் வாங்கி வந்தேன்; சனிக்கிழமை இரவு நீர் ஊற்றி வைத்தால் ஞாயிறு காலைக்கு டிகாஷன் தயார். மற்ற நாள்களுக்குத் துணிப்பை. புதுப் பையை முதலில் வெறும் நீரில் கொதிக்க வையுங்கள். சோப்பு போடவே போடாதீர்கள், அடுத்த பத்து குவளையிலும் சோப்பு மணக்கும். சுடுநீரில் அலசி, காற்றாடக் காய வைத்தால் போதும். ஈரத்தோடு அலமாரியில் வைத்துவிட்டு விடுமுறைக்குப் போனீர்களானால், திரும்பி வரும்போது புளித்த வாடை உங்களைக் கதவருகிலேயே வரவேற்கும்.