முதியோர் இல்லங்களில் நேரும் விபத்துகள்: அறிவிக்கும் கடமை

காவலில் இருக்கும் ஒருவர் இறந்துவிட்டால் அச்செய்தி 24 மணி நேரத்துக்குள் தனக்கு எட்டியாக வேண்டும் என்று தேசிய மனித உரிமை ஆணையம் 1993 டிசம்பரில் பணித்தது. விபத்தில் காயமுற்ற தொழிலாளி 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய இயலாது போனால், மேலாளர் உரிய அதிகாரிகளுக்கு அறிவிப்பு அனுப்பவேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. முதியோர் இல்லமொன்றில் எண்பது வயது மூதாட்டி நள்ளிரவில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, சில வாரங்களில் காலமானால் நிலைமை வேறு. மூப்பினால் மரணம் என்று ஏட்டில் ஒரு வரி எழுதுவதோடு அது முடிந்துவிடக்கூடும்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. மாவட்டந்தோறும் குறைந்தது 150 வறிய முதியோர் தங்கத்தக்க இல்லமொன்றேனும் படிப்படியாக அமைய வேண்டும் என்பது அதன் 19ஆம் பிரிவின் நோக்கம். இல்லங்களின் தரத்தை வகுப்பது மாநில அரசுகளின் பொறுப்பு. இல்லத்தில் நேரும் தீங்கை இன்னாருக்கு இத்தனை நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்ற பிரிவு அச்சட்டத்தில் இல்லை. பராமரிப்பு இல்லங்களைப் பதிவு செய்வதையும் அவற்றுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுப்பதையும் கருதி 2019 டிசம்பரில் மக்களவையில் கொணரப்பட்ட திருத்த மசோதா, 2024இல் அவை கலைந்தபோது காலாவதியாயிற்று.

சந்தேகத்துக்குரிய மரணம் காவல்துறையின் விசாரணைக்கு வரும் என்பது உண்மையே. ஆனால் எலும்பு முறிவு, மாறிக் கொடுக்கப்பட்ட மாத்திரை, முற்றிய படுக்கைப்புண், மறதிநோயுற்றவர் வழிதவறி வெளியேறுதல் ஆகியவை அவ்வாறு வருவதில்லை. மரணத்துக்கு முன் தென்படும் அடையாளங்கள் இவையே.

ஏர்வாடி இதற்குக் கொடிய சான்று. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை அங்கிருந்த மனநோயாளர் காப்பகமொன்றில் தீப்பற்றி 28 பேர் மாண்டனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் அவர்கள் தப்பி ஓட இயலவில்லை. தீக்கு முன்னரும் சங்கிலி இருந்தது. அது ஒரு நிகழ்வாக எவர் மேசைக்கும் செல்லவில்லை. உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து இவ்வழக்கை எடுத்துக்கொண்டது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்ததோடு நில்லாமல், நோயாளரைக் கட்டுப்படுத்தி வைத்த நிகழ்வுகள் அனைத்தையும் மாதந்தோறும் வாரியத்துக்கு அறிவிக்கவும் விதித்தது. முதியோர் இல்லங்களுக்கு அத்தகைய ஏற்பாடு ஏன் கூடாது என்ற வினா இயல்பாகவே எழுகிறது.

அறிவிக்க வேண்டியது எது என்பதில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலச் சட்டம் தெளிவான வரையறை தருகிறது. பணியாளர்கள் கவனித்திருந்தால் தடுத்திருக்கக்கூடிய நிகழ்வால் மரணமோ, எலும்பு முறிவோ, மூளை அல்லது தண்டுவடச் சேதமோ, உயர் சிகிச்சைக்கு மாற்ற வேண்டிய நிலையோ ஏற்பட்டால் அது அறிவிக்கத்தக்கது. குடியிருப்பவர் காணாமற்போதலும் அவ்வாறே. முதல் அறிக்கை ஒரு வேலை நாளுக்குள்ளும் முழு அறிக்கை 15 நாட்களுக்குள்ளும் செல்லவேண்டும். இவ்வறிக்கைகளை உரிமையியல் வழக்குகளில் சான்றாகக் கோர இயலாது என்பது இச்சட்டத்தின் மற்றொரு கூறு. குற்றவாளிக்குப் புகலிடம் தருவதன்றோ இது என்று சிலர் ஐயுறலாம். ஆனால் எழுதியதே தனக்கு எதிராகத் திரும்பும் என்று அஞ்சும் ஆயா உண்மையை எழுதமாட்டார். வேண்டுமென்றே இழைத்த கொடுமைக்குக் குற்றவியல் சட்டம் இருக்கவே இருக்கிறது.

பதிவேட்டின் பயன் ஓர் அறிக்கையில் தோன்றுவதன்று; பல சேர்ந்தபின்பே தோன்றும். மூன்று பேர் வெவ்வேறு மாதங்களில், விடியற்காலையில், கழிப்பறைக்குச் செல்லும் அதே நடையில் விழுந்திருப்பது ஆறு மாத ஏட்டைப் புரட்டினால் கண்ணில் படும். அந்நடையில் விளக்கு இல்லை, தூக்க மாத்திரை உண்டவர் கைப்பிடியின்றி நடந்தார், நாற்பது பேருக்கு இரவில் ஒரே பணியாள் என்பன அப்போதே தெரியவரும். விளக்கும் கைப்பிடியும் பெருஞ்செலவல்ல. இரவுப் பணியாளர் ஒருவரைக் கூட்டுவதுதான் செலவு. அதனாலேயே ஏட்டில் அது பதிவாவது அவசியமாகிறது.

அறிக்கை மிகுதியாக அனுப்பும் இல்லத்தை மோசமான இல்லமென ஆய்வு அதிகாரி கருதுவது பெரும் பிழை. ஆண்டு முழுவதும் ஒருவரும் விழவில்லை என்று எழுதித் தரும் இல்லத்துக்கே அவர் முதலில் செல்லவேண்டும்.

14567 என்ற தேசிய முதியோர் உதவித் தொலைபேசி எண் முறையீடுகளை ஏற்கிறது. எனினும் எலும்பு முறிந்து படுத்திருப்பவரோ நினைவு மங்கியவரோ தாமே அழைப்பார் என்று எதிர்பார்க்கலாகாது. ஒரு பக்கப் படிவம் போதும்: நேரம், இடம், பணியிலிருந்தவர், அன்று கொடுத்த மருந்து, மருத்துவர் வந்த நேரம், உறவினருக்குச் செய்தி சொன்ன நேரம். மாவட்டச் சமூக நல அலுவலகம் அதைப் பெற்றுக்கொண்டதாக ஒப்புதலும், எடுத்த நடவடிக்கை குறித்து ஒரு மறுமொழியும் அனுப்புமாயின், இரண்டாவது படிவமும் எழுதப்படும்.