நாற்பதும் வேண்டும், நூற்றைம்பதும் வேண்டும்

பட்டயக் கணக்காளர் இடைநிலைத் தேர்வுக்குப் பயில்வோரில் பலர், தமக்குப் பிடித்த பாடத்திலேயே பெரும்பொழுதைச் செலவிடுகின்றனர். அதனால் நேரும் இழப்பை எளிய கூட்டல் ஒன்றே காட்டிவிடும்.

முதல் தொகுதியில் கணக்கியல், சட்டம், வரிவிதிப்பு என மூன்று தாள்கள். ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண். தேர்ச்சிக்குத் தாள்தோறும் குறைந்தது 40, மொத்தத்தில் 150 வேண்டும். கணக்கியலில் 82, வரிவிதிப்பில் 58, சட்டத்தில் 38 பெற்றவரின் கூட்டுத்தொகை 178. ஆயினும் அவர் தேறமாட்டார். மூன்றிலும் 45 பெற்றவரும் தேறமாட்டார். அவர் மொத்தம் 135 மட்டுமே. 40, 50, 60 பெற்றவரோ தேறிவிடுவார்.

எனவே நேரத்தை இரு கட்டங்களாகப் பங்கிடுதல் நலம். முதலில் ஒவ்வொரு தாளுக்கும் பழைய வினாத்தாள் ஒன்றை மூன்று மணி நேரத்தில் எழுதிப் பாருங்கள். 40-ஐ எட்டாத தாளுக்கு, மனம் தெளிந்திருக்கும் வேளையை ஒதுக்குங்கள். மூன்றும் 50-ஐ நெருங்கிய பின்னர், ஒரு மணி நேர உழைப்புக்கு எந்தத் தாள் கூடுதல் மதிப்பெண் தருமோ, அதன்பால் திரும்புங்கள். வரிவிதிப்புத் தாளில் வருமான வரிக்கு 50, சரக்கு மற்றும் சேவை வரிக்கு 50. இரண்டாவதைக் கடைசி வாரத்திற்குத் தள்ளுதல் தகாது.

வலுவான பாடத்தையும் கைவிடலாகாது. எல்லாத் தாள்களையும் எழுதியும் தொகுதியில் தேறாதவருக்கு, 60 பெற்ற தாளில் விலக்குக் கிடைக்கும்.

சட்டத்தில் குறைந்த இரண்டு மதிப்பெண், மாதக்கணக்கான உழைப்பையும் இல்லத்தாரின் காத்திருப்பையும் நீட்டிவிடும். கால அட்டவணை வகுக்கும்போது அந்த இரண்டு மதிப்பெண் நினைவில் நிற்கட்டும்.