நிழல் மட்டும் போதாது

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை லட்சக்கணக்கானோர் சுற்றி வருகிறார்கள். பக்கத்தில் நடப்பவர் என்ன சாதி என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் இதே மாவட்டத்துத் தென்முடியனூரில், முத்துமாரியம்மன் கோயிலுக்குள் பட்டியல் சாதி மக்கள் கால்வைக்க 2023 ஜனவரி 30 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்றைக்கும் போலீஸ் காவலோடுதான். கூட்டத்தில் தோள் உரசியதெல்லாம் ஊர் திரும்பியதும் உறவாகிவிடுவதில்லை.

பூங்காவும் தோப்பும் அந்த உறவை வளர்க்குமா? பகை கொண்ட குழுக்கள் சும்மா சந்தித்தால் போதாது என்று அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-லேயே எழுதினார். இருவரும் சமமாக நிற்க வேண்டும், இருவருக்கும் பொதுவான காரியம் இருக்க வேண்டும், சேர்ந்து உழைக்க வேண்டும், அதிகாரத்தில் இருப்பவர்களின் ஆதரவும் வேண்டும். பூங்கா பெஞ்சு இதில் எதையும் தானாகத் தராது. வட அயர்லாந்தில், பெல்ஃபாஸ்ட் நகரின் அலெக்சாண்ட்ரா பூங்காவுக்கு நடுவிலேயே 1994-இல் தடுப்புச் சுவர் எழுந்தது: ஒருபுறம் கத்தோலிக்கர், மறுபுறம் புராட்டஸ்டண்டுகள். சுவரில் கதவு திறக்க 2011 ஆயிற்று. அதுவும் பகலில் சில மணி நேரத்துக்கு.

கிரிவலப் பாதை சுற்றிவரும் அண்ணாமலையார் மலையின் கதை வேறு. மொட்டையாகிப்போன சரிவுகளில் எலுமிச்சைப் புல் மண்டிக் கிடந்தது. கோடையில் ஒரு பொறி விழுந்தால் நட்ட கன்றெல்லாம் போய்விடும். அதனால் இங்கே காடு வளர்ப்பது என்பது ஒருநாள் மரம் நடும் விழா அல்ல (போட்டோ எடுத்ததும் கலைகிற விழாக்கள் நமக்குப் பழக்கம்தான்). ஃபாரஸ்ட் வே போன்ற அமைப்புகள் மண்ணுக்குரிய மரங்களை நாற்றங்காலில் வளர்த்து, மழைக்காலத்தில் நட்டு, கோடைக்கு முன் தீத்தடுப்புக் கோடு வெட்டுகின்றன. உள்ளூர்க்காரர்களோடு, ஆன்மிகம் தேடி வந்து தங்கிவிட்ட வெளியூர், வெளிநாட்டு மக்களும் இதில் சேர்கிறார்கள். தீ பிடித்தால் எல்லோரும் ஒரே வரிசை. ஆல்போர்ட் கேட்டதற்கு இது மிக அருகே வருகிறது.

ஊருக்கும், பட்டியல் சாதி மக்கள் வாழும் காலனிக்கும் நடுவே இப்படிச் சேர்ந்து மரம் வளர்க்க நினைக்கும் ஊராட்சி முதலில் இடத்தைப் பார்க்க வேண்டும். நாற்றங்கால் ஊருக்குள் இருந்தால் காலனிக்காரர் தயங்குவார். காலனியில் இருந்தால் ஊர்க்காரர் வரமாட்டார். ஏரிக்கரை, பள்ளி வளாகம் போன்ற பொது இடமே சரி. தெருவாரியாக ஆள் பிரித்தால் பழைய கோடுதான் மறுபடி விழும். குழி வெட்ட ஒரு சாதி, மேற்பார்வைக்கு ஒரு சாதி என்றானால் கேட்கவே வேண்டாம். நீர் ஊற்றும் முறையையும் மரங்களின் காய் விற்ற பணத்தையும் இரு தரப்பும் ஒரே கணக்கு நோட்டில் எழுதட்டும்.