புளி இருக்கும் ஊரில் வினிகருக்கு என்ன வேலை?

நன்னிலம் வட்டாரத்து மளிகைக் கடையில் வினிகர் பாட்டிலைத் தேடினால் சோயா சாஸுக்கும் சில்லி சாஸுக்கும் பக்கத்தில்தான் கிடைக்கும். பிரைடு ரைஸும் கோபி மஞ்சூரியனும் ஊருக்குள் வந்தபோது கூடவே வந்த சரக்கு அது. இதில் ஒரு வியப்பு இருக்கிறது. சீனாவிலும் ஜப்பானிலும் அரிசியிலிருந்தே வினிகர் செய்கிறார்கள். சீனத்துச் சென்ஜியாங் நகரின் கறுப்பு வினிகர் ஒட்டரிசியில் பிறப்பது. முப்போகம் விளைந்த காவிரிக் கரையில் மட்டும் அது ஏன் பிறக்கவில்லை? காரணம் நுண்ணுயிர்களில் இருக்கிறது. அரிசியின் மாவுச்சத்தை முதலில் சர்க்கரையாக்க வேண்டும். அதற்குச் சீனாவிலும் ஜப்பானிலும் ஒருவகைப் பூஞ்சணத்தை வளர்க்கிறார்கள். சர்க்கரையை ஈஸ்ட் சாராயமாக்கும். சாராயத்தை அசிட்டோபாக்டர் என்னும் பாக்டீரியா, காற்றிலுள்ள ஆக்சிஜனின் துணையோடு அசிட்டிக் அமிலமாக்கும். அதுதான் வினிகர். நம் வீட்டில் இரவு சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால் முந்திக்கொள்வது லாக்டிக் அமில பாக்டீரியா; கிடைப்பது வினிகர் அல்ல, பழைய சோறும் நீராகாரமும். தென்னங்கள்ளிலிருந்து வினிகர் எடுக்கலாமே என்றால், கோவாவிலும் இலங்கையிலும் எடுக்கத்தான் செய்கிறார்கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. ஆனால் தடைக்கு முன்பும் டெல்டா சமையலறை வினிகரைத் தேடவில்லை. புளியும் எலுமிச்சையும் மோரும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. நான்காவது புளிப்புக்கு அங்கே தேவை எழவில்லை.

அப்படியானால் இப்போது மட்டும் எதற்கு? புளிப்பு என்ற அளவில் பார்த்தால் தேவையே இல்லை. வினிகரின் தனித்தன்மை வேறோர் இடத்தில் இருக்கிறது: அது ஆவியாகிப் போய்விடும். புளியில் உள்ள டார்டாரிக் அமிலமும் எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலமும் திண்மப் பொருள்கள். தண்ணீர் வற்றினால் அடியில் தங்கிவிடும். அசிட்டிக் அமிலம் தண்ணீரோடு தானும் ஆவியாகும். மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் காட்டம் அந்த ஆவிதான். சமையலறையில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு முழுக்க இதிலிருந்தே வருகிறது. வத்தக்குழம்பு சுண்டச் சுண்டப் புளிப்பு ஏறுவது, புளியின் அமிலம் சட்டியை விட்டு நகராததால்தான். பிரைடு ரைஸ் போடுபவர் வினிகரைக் கடைசியில் தெளித்து இறக்குவதும் காரணத்தோடுதான். முதலிலேயே ஊற்றினால் அனல் அடுப்பில் மணம் பறந்துவிடும். ஆற்று மீனுக்கும் குளத்து மீனுக்கும் உள்ள சேற்று வாடைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்னும் பொருள். அமிலம் பட்டால் அது சிதையும். மீன் வாடைக்குக் காரணமான அமைன்களையும் அமிலம் ஆவியாகாத உப்பாக மாற்றிக் கட்டிப்போட்டுவிடும். விரால் மீனைப் புளித்தண்ணீரில் கழுவிப் புளிக்குழம்பில் கொதிக்கவிடும் வழக்கத்தில் இந்த வேதியியல் முழுதாக அடங்கியிருக்கிறது. வினிகர் அங்கே புதிதாகச் சேர்க்க ஒன்றுமில்லை. வாழைப்பூவை நறுக்கி மோர்த்தண்ணீரில் போடுவதும் அப்படியே: கறுக்கச் செய்யும் நொதியை அமிலம் அடக்குகிறது.

சமையலை விட்டு வீட்டுக்குள் வந்தால் கணக்கு மாறுகிறது. போர் தண்ணீர் காய்ச்சும் கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படியும் உப்புக்கறை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த வினிகரை ஊற்றிச் சூடாக்கிப் பார்த்தால் கறையிலிருந்து ஊசிமுனைக் குமிழ்கள் வரிசையாக மேலே வரும். அது கார்பன் டை ஆக்சைடு. கறை கரையக்கூடிய கால்சியம் அசிட்டேட் ஆகிவிடுவதால் தேய்க்காமலே கழன்று வந்துவிடும். இரண்டு முறை அலசினால் மிச்ச வாடையும் போய்விடும். இதையே புளியால் செய்தால் கறை ஒருபக்கம் போகும், கோதும் பழுப்பு நிறமும் இன்னொரு பக்கம் ஒட்டும். போதாததற்குக் கால்சியம் டார்டரேட் தண்ணீரில் எளிதில் கரையாது. ஷவர்த் தட்டு, குழாய் முனை, சன்னல் கண்ணாடி எல்லாவற்றுக்கும் இதே நியாயம். பித்தளைக்கு மட்டும் நியாயம் தலைகீழ். நாச்சியார்கோவில் குத்துவிளக்கின் தண்டில் வினிகரை ஊற்றினால் வழிந்து ஓடிவிடும்; புளி அப்பிக்கொள்ளும், அதன் நாரே தேய்க்கும், அதன் அமிலம் களிம்பின் செம்பைப் பற்றி இழுத்து வரும். வினிகரை அப்படியே காயவிட்டாலோ புதுப் பச்சைக் களிம்பு பிடிக்கும். பிரான்சின் மோன்பெலியேயில் ஓவியர்களுக்கான பச்சை நிறத்தை ஒரு காலத்தில் செம்புத் தகட்டைத் திராட்சைச் சக்கையின் புளிப்பில் போட்டுத்தான் செய்தார்கள். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதும், ரசத்தை ஈயச்சொம்பில் வைப்பதும் செம்பையும் புளிப்பையும் பிரித்து வைக்கும் ஏற்பாடுகள்.

கடையில் விற்பது இரசாயன வினிகர்தானே, அதை எப்படி நம்புவது என்பார்கள். நியாயமான கேள்வி. புளிக்க வைத்ததானாலும் செயற்கையானாலும் குறைந்தது 3.75 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுத் தர விதி. செயற்கையானதென்றால் லேபிளில் அப்படியே சொல்லவும் வேண்டும். மூலக்கூறு இரண்டிலும் ஒன்றுதான். புளிக்க வைத்ததில் பழத்தின் அல்லது தானியத்தின் மணம் கூடுதலாக இருக்கும். ஊறுகாய்க்கு அது நல்லது. கெட்டில் கழுவ மணம் எதற்கு? விலை குறைந்த செயற்கை வினிகரே அங்கே மேல். வினிகரோடு ஆப்பசோடாவைக் கலந்து நுரை பொங்கவிட்டு மேடை துடைக்கச் சொல்லும் குறிப்புகளை மட்டும் நம்ப வேண்டாம். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தின்றுவிட்டு சோடியம் அசிட்டேட் கரைசலைத்தான் விட்டுச் செல்கின்றன. பொங்குவது பார்க்க நன்றாயிருக்கும், அவ்வளவுதான். மொசைக் தரைக்கும் சலவைக்கல்லுக்கும் சுண்ணாம்புப் பூச்சுக்கும் வினிகர் ஆகாது. கெட்டில் கறையைத் தின்ற அதே வினை அங்கே தரையைத் தின்னும். கிருமி சாகுமா என்றால், சில சாகும், பல சாகாது. பினாயிலின் இடத்தில் அதை வைக்க முடியாது. மழைக்காலத்தில் தண்ணீர் வடிந்த பிறகு கழிப்பறையிலும் கிணற்றடியிலும் பிளீச்சிங் பவுடர் தூவும் நாட்களில் வினிகரை அந்தப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், கதவடைத்த சின்ன அறையில் அது மூச்சை அடைக்கும்.